நுண்துளைக் கல்லீரல் அறுவையில் நேரடிப் படம்: அல்ட்ராசவுண்டும் ஐ.சி.ஜி. பச்சையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரலில் லேப்ராஸ்கோபி (நுண்துளை) அறுவை கற்கத் தொடங்கியிருக்கும் மருத்துவர்கள், தியேட்டர் நர்ஸ்கள், டெக்னீஷியன்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது. அறுவைக்குத் தயாராகும் நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்கும் சில கேள்விகள் இறுதிப் பகுதியில் உள்ளன. அளவுகளெல்லாம் பெரியவர்களுக்கானவை.

சி.டி., எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தாகிவிட்டது. தியேட்டரில் மறுபடியும் எதற்குப் படம்?

சி.டி. எடுக்கும்போது நோயாளி மூச்சை இழுத்துப் பிடித்து மல்லாந்து படுத்திருக்கிறார். தியேட்டரில் அவர் தலைப்பக்கம் உயர்த்தி, சில சமயம் இடப்பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறார். வயிற்றுக்குள் 10 முதல் 12 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு நிரம்பியிருக்கிறது. கல்லீரலைத் தாங்கும் தசைநார்களை வெட்டியதும் அது சரிந்து, மடிந்து, சி.டி.யில் பார்த்த வடிவத்தை இழந்துவிடும். கையில் இருக்கும் வரைபடம் சரியானதுதான்; நிலம்தான் நகர்ந்துவிட்டது.

இன்னொரு காரணம் கை. வயிற்றைத் திறந்து செய்யும்போது கட்டியை விரலால் தொட்டு, இரு கைகளுக்கு நடுவே அழுத்திப் பார்க்கலாம். நீளமான கருவியின் முனையில் அந்த உணர்வு ஏறக்குறைய இல்லை. கல்லீரலின் மேற்பரப்போ எங்கு பார்த்தாலும் ஒரே பழுப்பு. அதற்குள் நிமிடத்துக்கு சுமார் 1.5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் 2 செ.மீ. ஆழம் போவதுகூட ஆபத்துதான்.

எந்தெந்த முறைகள் இருக்கின்றன? எல்லாம் வேண்டுமா?

அன்றாடம் பயன்படுபவை இரண்டு: லேப்ராஸ்கோபி அல்ட்ராசவுண்ட், அண்மை அகச்சிவப்புக் கேமராவுடன் ஐ.சி.ஜி. (இண்டோசயனின் கிரீன்) என்ற ஒளிரும் சாயம். முதலாவது ஆழத்தைக் காட்டும், பரப்பில் தடுமாறும். இரண்டாவது பரப்பைப் பளிச்சென்று காட்டும், ஆனால் 5 முதல் 10 மி.மீ.க்குக் கீழே அதற்குக் கண் கிடையாது. ஒன்றின் குருட்டிடத்தை மற்றது நிரப்புகிறது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அல்ட்ராசவுண்ட் வாங்குங்கள். பச்சை ஒளி கண்ணைக் கவரும். ஆனால் ஹெப்பாட்டிக் வெயின் (கல்லீரலிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரை) கிழியாமல் காப்பாற்றுவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படம்தான்.

மைக்ரோபபிள் (இரத்தத்தில் செலுத்தும் நுண்குமிழ்) ஊசியுடன் செய்யும் அல்ட்ராசவுண்ட், ஹைப்ரிட் தியேட்டரில் சி-ஆர்ம் கொண்டு எடுக்கும் சி.டி., முப்பரிமாண மேலடுக்குப் படம் ஆகியவையும் உண்டு. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

கல்லீரலை 8 செக்மென்ட்களாகப் பிரித்துக் காட்டியவர் பிரான்சின் கிளாட் குயினோ; 1957இல் வெளியான அவருடைய ஆய்வு அது. ஆனால் அந்த எல்லைகள் கல்லீரலின் மேல் கோடு போட்டு வரையப்பட்டிருக்கவில்லை. உள்ளே ஓடும் போர்ட்டல் கிளைகளை, அதாவது குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் சிரையின் கிளைகளை, கொண்டுதான் அறிய முடியும். ஜப்பானில் மசதோஷி மக்கூச்சி 1980களில், அறுவையின்போதே அல்ட்ராசவுண்ட் பார்த்து ஒரு போர்ட்டல் கிளையில் ஊசி குத்தி, நீலச் சாயம் செலுத்தி, அந்தச் செக்மென்ட்டை மட்டும் நிறமேற்றி எடுத்துக் காட்டினார். நீலம் சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடும் என்பது அதன் குறை. 2000களின் பிற்பகுதியில் ஜப்பானியக் குழுக்கள் அதே வேலைக்கு ஐ.சி.ஜி.யைக் கொண்டுவந்தன. இன்றைய லேப்ராஸ்கோபி முறை அதே யோசனையின் நீட்சி.

லேப்ராஸ்கோபி அல்ட்ராசவுண்ட் புரோப் எப்படிப்பட்டது?

சுமார் 10 மி.மீ. தடிமனுள்ள நீண்ட தண்டு. அதன் நுனி மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கமும் வளையும். 12 மி.மீ. ட்ரோக்கார் (வயிற்றுச்சுவரில் பொருத்தும் குழாய்) வழியாகத்தான் போகும், 5 மி.மீ. போர்ட்டுகளை (துளைகளை) மட்டும் போட்டுவிட்டுப் பிறகு திகைக்க வேண்டாம். 5 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் மாற்றலாம். 7.5இல் தொடங்குங்கள். கொழுப்புக் கல்லீரலில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் 5க்கு இறக்க வேண்டிவரும். ஆழம் கிடைக்கும், நுணுக்கம் குறையும்.

போர்ட் இடம் பாதி வேலை. தொப்புளில் கேமரா இருந்தால், வலது மேல்வயிற்றில் ஒன்றும் மேல்வயிற்றின் நடுப்பகுதியில் ஒன்றுமாக இரண்டு 12 மி.மீ. போர்ட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டியை இரண்டு கோணத்தில் பார்க்க முடியும். 7, 8ஆம் செக்மென்ட்களின் உச்சியில், உதரவிதானத்துக்குக் கீழே உள்ள கட்டியைத் தொப்புள் போர்ட்டிலிருந்து எட்டிப் பார்ப்பது கடினம். முதலில் வலப்பக்கத் தசைநார்களை விடுவித்துக் கல்லீரலை இடப்பக்கம் உருட்டியபின் பார்ப்பது எளிது.

ஸ்கேனை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

கட்டியைத் தேடி ஓடாதீர்கள். முதலில் குழாய்கள், பிறகு கட்டி. இந்த ஒழுங்கைக் கைவிடும்போதுதான் இரண்டாவது கட்டி விடுபடுகிறது.

1. கல்லீரலின் மேல் உப்புநீர் ஊற்றி ஈரமாக்குங்கள். புரோப்புக்கும் கல்லீரலுக்கும் நடுவே வாயு இருந்தால் திரையில் கறுப்பு நிழல் மட்டும்தான் வரும்.
2. 4ஆம், 8ஆம் செக்மென்ட்களின் மேற்பகுதியில் வைத்து மூன்று ஹெப்பாட்டிக் வெயின்களும் பெருஞ்சிரையில் சேரும் இடத்தைப் பிடியுங்கள். இதுதான் நங்கூரம். அங்கிருந்து ஒவ்வொரு வெயினையும் விளிம்புவரை பின்தொடருங்கள்.
3. இடது போர்ட்டல் கிளையின் தொப்புள் பகுதியைப் பிடித்து 2, 3, 4ஆம் கிளைகளை எண்ணுங்கள். பிறகு வலது முன்கிளை, அதிலிருந்து 5, 8. அடுத்து வலது பின்கிளை, அதிலிருந்து 6, 7.
4. 1ஆம் செக்மென்ட்டை இடது மடலின் வழியாகவோ, சிறு கொழுப்புத்திரையைத் திறந்து நேரடியாகவோ பாருங்கள். பலர் மறக்கும் இடம்.
5. இப்போது வயலை உழுவதுபோல ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் பட்டைகளாக முழுக் கல்லீரலையும் இன்னொரு முறை வருடுங்கள். ஏற்கெனவே தெரிந்த ஒவ்வொரு கட்டியையும் சி.டி. அறிக்கையோடு எண்ணிக்கை சேர்த்துப் பாருங்கள்.
6. கடைசியாக, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர். எடுக்கவேண்டிய பகுதிக்குள் எந்தக் கிளை போகிறது, மிச்சமாகும் பகுதிக்கு எது போகிறது என்று இரண்டையும் தனித்தனியே அடையாளம் வையுங்கள்.

புரோப்பை அழுத்தக் கூடாது. அதன் எடையே போதும். அழுத்தினால் ஹெப்பாட்டிக் வெயின் நசுங்கி மறைந்துவிடும்.

ஹெப்பாட்டிக் வெயினையும் போர்ட்டல் கிளையையும் திரையில் எப்படிப் பிரித்தறிவது?

போர்ட்டல் கிளையைச் சுற்றிக் கிளிசன் உறை என்ற நார்த்திசு இருப்பதால் சுவர் வெள்ளையாக, தடித்துத் தெரியும். ஹெப்பாட்டிக் வெயினின் சுவர் மெல்லியது. கறுப்பு ஓட்டை மட்டும் தெரியும். லேசாக அழுத்தினால் வெயின் எளிதில் சப்பையாகும். இதயத்துக்கு அருகே டாப்ளரில் வெயினின் ஓட்டம் ஏறி இறங்கும் அலைபோல இருக்கும். போர்ட்டல் ஓட்டம் சீராக இருக்கும். முற்றிய சிரோசிஸில் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) இந்த வேறுபாடு மங்கும். அப்போது குழாயைப் பின்தொடர்ந்து அது பெருஞ்சிரைக்குப் போகிறதா, ஹைலத்துக்கு (குழாய்கள் கல்லீரலுக்குள் நுழையும் வாசல்) போகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

வெயின்கள் எல்லாமே நூல்போல மெலிந்து தெரிந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். மைய சிரை அழுத்தம் குறைவு, வயிற்றில் வாயு அழுத்தம் அதிகம் என்ற இரண்டும் சேர்ந்த விளைவு அது. வாயுவைச் சற்று நேரம் 8 மி.மீ.க்கு இறக்கினால் அவை மீண்டும் விரியும்.

சி.டி.யில் இருந்த கட்டி அல்ட்ராசவுண்டில் தெரியவில்லை. என்ன செய்வது?

காரணத்தைப் பொறுத்தது.

பரப்புக்கு மிக அருகில் இருந்தால் புரோப்பின் அண்மைப் புலத்தில் மறையும். கட்டியின் மறுபக்கத்திலிருந்து கல்லீரலின் தடிமன் வழியாகப் பாருங்கள். அல்லது அந்த இடத்தில் உப்புநீரைத் தேக்கி, புரோப்பை 1 செ.மீ. உயர்த்தி, தண்ணீர் வழியாகப் பாருங்கள். ஐ.சி.ஜி. கொடுத்திருந்தால் இதே இடத்தில்தான் அது தன் மதிப்பைக் காட்டும்.

கட்டியும் சுற்றுத் திசுவும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் அதன் விளிம்பில் வளையும் அல்லது தடைபடும் குழாயைத் தேடுங்கள். சிரோசிஸில் நூற்றுக்கணக்கான கணுக்கள் இருக்கும்; எது கட்டி என்று சாதாரணப் படத்தில் சொல்லவே முடியாமல் போகலாம். அங்கே மைக்ரோபபிள் ஊசி உதவும்.

குடல் புற்றுநோயிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகள் கீமோதெரபிக்குப் பிறகு படத்தில் காணாமல் போவதுண்டு. காணவில்லை என்றால் இல்லை என்று பொருளாகாது. அந்த இடத்தில் உயிருள்ள செல்கள் மிஞ்சியிருக்கலாம். கீமோதெரபிக்கு முந்தைய எம்ஆர்ஐயைத் தியேட்டர் திரையில் திறந்து வைத்து, அருகிலுள்ள குழாய்களைக் கொண்டு இடத்தைக் கணித்து, அந்தப் பகுதியையும் எடுப்பதா, தொடர்ந்து கண்காணிப்பதா என்பதை அறுவைக்கு முன்பே புற்றுநோய்க் குழுவோடு பேசி முடித்திருக்க வேண்டும். தியேட்டரில் நின்றுகொண்டு யோசிக்கும் விஷயம் இல்லை இது.

வெட்டுக்கோட்டை எப்படிக் குறிப்பது?

கட்டியின் விளிம்பைப் படத்தில் பிடித்துக்கொண்டு, புரோப்புக்கும் கல்லீரலுக்கும் நடுவே, திசுவைச் சுடும் கருவியான காட்டரி ஹுக்கின் நுனியை நுழையுங்கள். அது படத்தில் ஒரு நேர்க்கோட்டு நிழலை விழச் செய்யும். நிழல் கட்டியின் விளிம்பிலிருந்து நீங்கள் விரும்பும் தொலைவில் விழும் இடத்தில் காப்சூலில் (கல்லீரலின் மேலுறையில்) ஒரு புள்ளி சுடுங்கள். நான்கு பக்கமும் இப்படிச் செய்து புள்ளிகளை இணையுங்கள்.

விரும்பும் தொலைவு எவ்வளவு? 1 செ.மீ. குறிவைத்தால், வெட்டும்போது நேரும் வழுவலுக்கும் இடம் இருக்கும். குடல் புற்றுப் பரவலில் 1 மி.மீ. கட்டியற்ற விளிம்பு கிடைத்தாலே போதுமானது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது; அதற்காக 1 மி.மீ.யைக் குறிவைத்து வெட்டினால் கட்டியின் உள்ளேதான் போவீர்கள். கல்லீரல் செல் புற்றுநோய் போர்ட்டல் கிளைகள் வழியாகப் பரவுவதால், கல்லீரலின் தாங்குசக்தி அனுமதித்தால் அந்தக் கிளை ஊட்டும் பகுதி முழுவதையும் எடுப்பது நல்லது.

பரப்பில் போட்ட வட்டம் ஆழத்தை அடக்காது. லேப்ராஸ்கோபியில் வெட்டுத்தளம் கட்டியை நோக்கியே சாயும், ஏனென்றால் கருவி ஒரே போர்ட்டிலிருந்து ஒரே கோணத்தில் வருகிறது. அதனால் ஒவ்வொரு 1 முதல் 2 செ.மீ. ஆழத்துக்கும் புரோப்பை மீண்டும் இறக்குங்கள். வெட்டுத்தளத்தில் சிக்கிய வாயு படத்தில் வெண்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கும் கட்டிக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து கோணத்தைத் திருத்துங்கள். அடுத்து வரப்போகும் பெரிய வெயின் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதும் அதே பார்வையில் கிடைக்கும். குசா போன்ற அல்ட்ராசோனிக் கருவியால் திசுவை உறிஞ்சிக் குழாயை வெளிப்படுத்துவதற்கு முன்பே அந்தக் குழாயின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டேப்லரை மூடியபின், அதை இயக்கி வெட்டுவதற்கு முன், மிச்சமாகும் பகுதிக்குப் போர்ட்டல் ஓட்டமும் வெயின் ஓட்டமும் இருக்கின்றனவா என்று டாப்ளரில் பாருங்கள். கல்லீரலுக்குள் வரும் இரத்தத்தை மொத்தமாக நிறுத்தும் பிரிங்கிள் கவ்வி போட்டிருந்தால் ஓட்டமே தெரியாது. அதைத் தளர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமான 15 நிமிடக் கவ்வல், 5 நிமிடத் தளர்வு என்ற சுற்றில், அந்த 5 நிமிடமே இதற்கான நேரம்.

ஐ.சி.ஜி. என்றால் என்ன? அது எப்படிக் கட்டியைக் காட்டுகிறது?

இண்டோசயனின் கிரீன் என்ற சாயம். 1950களின் இறுதியிலிருந்து மருத்துவத்தில் இருக்கிறது. இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் செல்கள் மட்டுமே அதை இழுத்து, மாற்றாமல் அப்படியே பித்தத்தில் விடும். நல்ல கல்லீரலில் இரத்தத்திலிருந்து 3 முதல் 4 நிமிடத்தில் பாதி போய்விடும். அதனால்தான் அறுவைக்கு முன் கல்லீரலின் வலிமையை அளக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள்: கிலோவுக்கு 0.5 மி.கி. செலுத்தி, 15 நிமிடம் கழித்து மிச்சம் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு.

சுமார் 800 நானோமீட்டர் ஒளியை வாங்கி, 830க்கு அருகில் திருப்பி உமிழும். கண்ணுக்கு அது தெரியாது; கேமரா பிடித்துப் பச்சையாகக் காட்டுகிறது. திரையில் நாம் பார்க்கும் பச்சை, இயந்திரம் பூசியது.

நன்கு முதிர்ந்த கல்லீரல் செல் புற்றுக்கட்டி சாயத்தை இழுத்துக்கொள்ளும், பித்தத்தில் வெளியேற்றத் தெரியாது. அதனால் கட்டி முழுவதும் ஒளிரும். குடலிலிருந்து பரவிய கட்டி சாயத்தை இழுக்கவே இழுக்காது. ஆனால் அதைச் சுற்றி நசுங்கிய கல்லீரல் செல்களில் சாயம் தேங்கும். கறுப்புக் கட்டியைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தெரியும். வெட்டும்போது அந்த வளையம் உடையாமல் மாதிரியோடு வந்தால் நல்லது. வெட்டுத்தளத்தில் திடீரென்று பச்சை எட்டிப் பார்த்தால் நிறுத்துங்கள். கட்டிக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டீர்கள். இன்னும் வெளியே தள்ளி வெட்ட வேண்டும்.

எப்போது, எவ்வளவு கொடுப்பது?

நோக்கத்தைப் பொறுத்து நேரம் முற்றிலும் மாறுகிறது. குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

கல்லீரல் செல் புற்றுக்கட்டியைக் காட்ட: கிலோவுக்கு 0.5 மி.கி., அறுவைக்குச் சில நாட்கள் முன்பு. கல்லீரல் பரிசோதனைக்காக முந்தைய இரண்டு வாரத்துக்குள் கொடுத்த ஊசியே பெரும்பாலும் போதும். அறுவைக்கு முந்தைய நாள் இந்த அளவைக் கொடுத்தால் கல்லீரல் முழுவதும் பச்சையாகவே இருக்கும். சிரோசிஸ் இருந்தால் வெளியேற்றம் தாமதம் என்பதால் ஒரு வாரமாவது இடைவெளி விடுவது நல்லது.

குடல் புற்றுப் பரவலைக் காட்ட: 10 மி.கி., 24 மணி நேரம் முன்பு.

பித்தநாளங்களைக் காட்ட: 2.5 மி.கி., குறைந்தது 30 நிமிடம் முன்பு. இன்னும் முந்திக் கொடுத்தால் கல்லீரலின் பின்னணி ஒளி தணிந்து நாளம் தெளிவாகும்.

செக்மென்ட் எல்லையைக் காட்ட: தியேட்டரில், அந்தக் கணத்தில்.

ஒரே நோயாளியிடம் கட்டியையும் செக்மென்ட் எல்லையையும் காட்ட ஆசைப்பட்டால், முந்தைய ஊசியின் பின்னணி ஒளி பிந்தைய வேலையைக் கெடுக்கலாம். எது முக்கியம் என்று முன்கூட்டியே முடிவெடுத்து வார்டுக்கு எழுதிக் கொடுங்கள்.

மருந்தைக் கலக்கும்போது கவனிக்க வேண்டியவை?

25 மி.கி. குப்பியை ஊசிக்கான தூய நீரால் மட்டும் கரைக்க வேண்டும். உப்புநீர் ஊற்றினால் திரியும். 10 மி.லி.யில் கரைத்தால் 1 மி.லி.யில் 2.5 மி.கி. போர்ட்டல் கிளைக்குள் செலுத்த வேண்டியது இதைவிட 100 மடங்கு நீர்த்தது: 1 மி.லி. எடுத்து 10 ஆக்குங்கள். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து மறுபடி 10 ஆக்குங்கள். இப்போது 10 மி.லி. முழுவதிலும் 0.25 மி.கி. இருக்கும். இரண்டு சிரிஞ்சுக்கும் பெரிய எழுத்தில் லேபிள் ஒட்டுங்கள். இவை மாறிப்போனால் அந்த அறுவையில் பச்சையின் பயன் முடிந்தது. கரைத்த மருந்தை வெளிச்சம் படாமல் வைத்து 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

செக்மென்ட்டை நிறமேற்றும் இரண்டு வழிகளில் எது நல்லது?

நேர்நிறமேற்றலில், எடுக்கவேண்டிய பகுதியின் போர்ட்டல் கிளையை அல்ட்ராசவுண்டில் பிடித்து, வயிற்றுச்சுவர் வழியாக மெல்லிய நீண்ட ஊசியைப் புரோப்பின் தளத்திலேயே செலுத்தி, நீர்த்த சாயத்தை மெதுவாகத் தள்ள வேண்டும். அந்தச் செக்மென்ட் மட்டும் ஒளிரும். ஒற்றைக் கிளையால் ஊட்டப்படும் சிறு பகுதிக்கு இது அழகாக வேலை செய்யும். ஆனால் ஊசியும் புரோப்பும் ஒரே தளத்தில் வரவேண்டும். லேப்ராஸ்கோபியில் அது கடினமான கைவேலை. வேகமாகத் தள்ளினால் சாயம் பின்னோக்கி வழிந்து பக்கத்துச் செக்மென்ட்டுக்குள் போகும். 8ஆம் செக்மென்ட்டுக்கு இரண்டு மூன்று கிளைகள் இருக்கலாம்; ஒன்றை மட்டும் குத்தினால் பாதிதான் ஒளிரும்.

எதிர்நிறமேற்றலில், ஹைலத்தில் அந்தப் பகுதியின் கிளிசன் கிளையை (உறையோடு கூடிய குழாய்த் தொகுப்பை) தனியே பிரித்துக் கவ்விவிட்டு, 2.5 மி.கி. சாயத்தைக் கைச் சிரையில் கொடுக்கிறோம். மற்ற கல்லீரல் முழுவதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் பச்சையாகும். கவ்விய பகுதி இருட்டாக நிற்கும்.

எங்கள் கருத்தில் கற்றுக்கொள்பவர்கள் எதிர்நிறமேற்றலில் தொடங்குவது நல்லது. இடது பக்கவாட்டுப் பகுதி, வலது பின்பகுதி போன்ற பெரிய எல்லைகளுக்கு அது மிகவும் நிலையானது. சாயம் கல்லீரல் செல்களுக்குள் போய்விடுவதால் எல்லை மணிக்கணக்கில் நிற்கும். பரப்பில் மட்டுமன்றி வெட்டுத்தளத்துக்குள்ளும் பச்சைக்கும் இருட்டுக்கும் நடுவே நடந்து போகலாம். பழைய நீலச் சாயத்தில் இது கிடையாது.

எல்லை மங்கலாக வந்தது, அல்லது கவ்விய பகுதியும் ஒளிர்ந்துவிட்டது. ஏன்?

கவ்வி முழுமையாக இறுகவில்லை என்பதே முதல் காரணம். சாயம் கொடுக்கும் முன் டாப்ளரில் அந்தப் பகுதிக்குள் ஓட்டம் முற்றிலும் நின்றதா என்று பார்க்காமல் கொடுத்திருப்பீர்கள். இரண்டாவது, அந்தப் பகுதிக்கு வேறொரு சிறு கிளையும் போகிறது, சி.டி.யை மீண்டும் பாருங்கள். மூன்றாவது, பிரிங்கிள் கவ்வியைத் தளர்த்தாமலே சாயம் கொடுத்தது. அப்போது கல்லீரல் முழுவதும் இருட்டாக இருந்து, தளர்த்திய பிறகு தாறுமாறாக ஏறும். நான்காவது, சில நாட்களுக்கு முன் கொடுத்த ஊசியின் மிச்சம்.

எதுவானாலும் மீண்டும் கொடுத்துத் திருத்த முடியாது. ஒருமுறை கல்லீரல் செல்களுக்குள் போன சாயம் அந்த அறுவை முடியும்வரை அங்கேதான் இருக்கும். ஆகவே ஊசியை அழுத்தும் முன் குழு முழுவதும் கேட்க வாய்விட்டுச் சொல்லுங்கள்: கவ்வி இறுகியது, பிரிங்கிள் தளர்ந்தது, டாப்ளர் பார்த்தாயிற்று, சிரிஞ்சு சரியானது. தவறிவிட்டால் கவ்வியபின் காப்சூலில் இயல்பாகத் தெரியும் நிறமாற்றக் கோட்டையும் அல்ட்ராசவுண்டில் தெரியும் வெயினையும் வைத்துத் தொடருங்கள். பச்சை வருவதற்கு முன் அறுவைகள் அப்படித்தான் நடந்தன.

ஒளிர்வதெல்லாம் புற்றா?

இல்லை. சிரோசிஸின் மறுவளர்ச்சிக் கணுக்களும் பித்தம் தேங்கிய சிறு இடங்களும் ஒளிரும். ஒரு புதிய பச்சைப் புள்ளி தெரிந்தால் அதை அல்ட்ராசவுண்டில் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் உறைநிலைப் பரிசோதனைக்கு (திசுவை உறையவைத்து உடனே நுண்ணோக்கியில் பார்ப்பது) அனுப்புங்கள். பச்சையை மட்டும் நம்பிக் கூடுதல் கல்லீரலை எடுக்க வேண்டாம். மீறி எடுத்தால் மிச்சம் போதாமல் போகும்: இயல்பான கல்லீரலில் 20 முதல் 25 சதவீதமும், நீண்ட கீமோதெரபிக்குப் பிறகு 30 சதவீதமும், சிரோசிஸில் 40 சதவீதமும் மிஞ்ச வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு.

பச்சையின் அடர்த்தியை அளவாக எடுத்துக்கொள்வதும் தவறு. கேமராவை அருகே கொண்டுபோனாலே அது கூடும். புகையும் இரத்தமும் குறைக்கும்.

பித்தக்கசிவைக் கண்டுபிடிக்க உதவுமா?

ஓரளவு. சாயம் பித்தத்தில் வருவதால் கசியும் இடம் ஒளிரும் துளியாகத் தெரியும். ஆனால் வெட்டுப்பரப்பே பச்சையாக இருக்கும்போது துளியைப் பிரித்தறிவது கடினம். வெள்ளைத் துணியை ஒற்றியெடுத்து, கல்லீரலிலிருந்து தள்ளிவைத்து அதன்மேல் கேமராவைத் திருப்புங்கள். துணியில் பச்சைக் கறை இருந்தால் கசிவு.

மயக்க மருத்துவருக்கு என்ன சொல்லிவைக்க வேண்டும்?

சாயம் சிரையில் போனதும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு சற்று நேரம் குறைந்து காட்டும். அது சாயம் ஒளியை உறிஞ்சுவதால் வரும் பொய்க்கணக்கு, தானே சரியாகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் தியேட்டரில் வீண் பதற்றம்.

உண்மையான ஆபத்து வேறு. மைய சிரை அழுத்தத்தை 5 மி.மீ.க்குக் கீழே வைத்தால் இரத்தப்போக்கு குறையும். ஆனால் வெயினில் ஓட்டை விழுந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகலாம். வெளிமூச்சுக் கார்பன் டை ஆக்சைடு திடீரென்று சரிந்து இரத்த அழுத்தமும் விழுந்தால் உடனே வாயுவை நிறுத்தி, ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஒவ்வாமை வருமா?

மிக அரிது. ஆனால் மருந்தில் சோடியம் அயோடைடு கலந்திருப்பதால் அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்; அவர்களுக்கு இதைத் தவிர்ப்பது வழக்கம். தைராய்டுக்கான கதிரியக்க அயோடின் பரிசோதனை இருந்தால் இதற்குப் பிறகு ஒரு வாரமாவது தள்ளிப் போட வேண்டும்.

மைக்ரோபபிள் அல்ட்ராசவுண்ட் எப்போது?

சிரோசிஸ் கணுக்களுக்கு நடுவிலும், காணாமற்போன பரவல் கட்டிகளைத் தேடும்போதும். ஜப்பானில் 2007 முதல் பயன்பாட்டில் உள்ள சோனசாய்டு என்ற மருந்தின் குமிழ்களைக் கல்லீரலில் உள்ள, அந்நியப் பொருள்களை விழுங்கும் கூப்பர் செல்கள் விழுங்குகின்றன. சுமார் 10 நிமிடம் கழித்துப் பார்த்தால் நல்ல திசு வெளுத்து, அந்தச் செல்கள் இல்லாத கட்டி ஓட்டையாகத் தெரியும். சோனோவியூ என்ற இன்னொரு குமிழ் மருந்து இரத்தக்குழாய்க்குள்ளேயே இருப்பதால் அதற்குச் சில நிமிட நேரமே உண்டு; பார்க்கும் இடத்தை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கட்டியை வெட்டாமல் சுடும்போதும் இதே படம்தானா?

ஆம். 3 செ.மீ.க்கு உட்பட்ட, ஆழத்தில் உள்ள கட்டிக்கு மைக்ரோவேவ் ஊசியை லேப்ராஸ்கோபி அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செலுத்தலாம். சுடத் தொடங்கியதும் எழும் வாயுக்குமிழ்கள் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறைத்துவிடும். பல ஊசி குத்த வேண்டியிருந்தால் ஆழமான இடத்தை முதலில் சுட்டுவிட்டு மேலே வாருங்கள். வெண்மேகத்தின் அளவும் சுட்ட பகுதியின் அளவும் ஒன்றல்ல.

ரோபோவில் வேறுபாடு உண்டா?

டாவின்சி ரோபோவில் ஃபயர்ஃபிளை என்ற பெயரில் அகச்சிவப்புக் கேமரா உள்ளேயே இருக்கிறது. டைல்ப்ரோ வசதியில் அல்ட்ராசவுண்ட் படத்தை அறுவைப் படத்தின் கீழேயே பார்க்கலாம். உள்ளே இறக்கிவிடும் சிறு புரோப்பை ரோபோவின் இடுக்கியே பிடித்துத் திருப்புவதால், 7ஆம் செக்மென்ட்டில் கோணம் எளிதாகிறது. தொடுவுணர்வு அங்கே இன்னும் குறைவு என்பதால் படத்தின் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

முப்பரிமாணப் படத்தைக் கல்லீரலின்மேல் ஏற்றிக் காட்டும் மென்பொருள் அல்ட்ராசவுண்டுக்கு மாற்றாகுமா?

இப்போதைக்கு இல்லை. மூளையைப் போலக் கல்லீரல் எலும்புக்குள் அசையாமல் இருப்பதில்லை. மூச்சோடு அசையும், பிடித்து இழுத்தால் மடியும், வெட்டினால் திறந்துகொள்ளும். பழைய சி.டி.யை அதன்மேல் பொருத்தினால் ஒவ்வோர் அசைவிலும் பிழை சேரும். அறுவைக்கு முந்தைய நாள் திட்டமிடவும், பயிற்சிக்கும் முப்பரிமாண மாதிரி மிகவும் நல்லது. வெயினுக்கு 3 மி.மீ. அருகில் நிற்கும்போது அதை நம்ப வேண்டாம்.

நோயாளியாக நான் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

கட்டி எந்தச் செக்மென்ட்டில், பெரிய குழாய்க்கு எவ்வளவு அருகில்? எடுத்தபின் எத்தனை சதவீதக் கல்லீரல் மிஞ்சும்? அறுவையின்போது அல்ட்ராசவுண்ட் பார்ப்பீர்களா? முன்னதாகவே பச்சைச் சாய ஊசி உண்டா? இந்த நான்கும் போதும். சாயத்தால் தோலோ சிறுநீரோ நிறம் மாறாது. அது பித்தத்தோடு மலத்தில் போய்விடும்.

துளை வழியில் தொடங்கிவிட்டுப் பெரிதாகத் திறந்தால் அறுவை தோற்றதா?

இல்லை. கட்டி எங்கே என்று படத்தில் உறுதிசெய்ய முடியாதபோது, இரத்தம் கட்டுக்கடங்காதபோது, வெட்டுத்தளம் கட்டிக்குள் போகும்போது திறப்பதே சரி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போதே இதற்கும் சம்மதம் கேட்பார்கள்.

புரோப்பை எப்படிச் சுத்தப்படுத்துவது?

ஆட்டோகிளேவில் போடக் கூடாது. படிகமும் ஒட்டும் பொருளும் கெடும். தயாரிப்பாளர் அனுமதித்த குறைவெப்ப முறையில், பல மாடல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மாவில், கிருமிநீக்கம் செய்யுங்கள். கிருமிநீக்கிய உறைக்குள் ஜெல் வைத்துப் போட்டால், உறைக்குள் காற்றுக்குமிழி இல்லாமல் நுனிவரை நீவி இறக்குங்கள். வளையும் நுனியை நேராக்காமல் ட்ரோக்காரிலிருந்து இழுப்பதுதான் புரோப் உடைவதற்குப் பொதுவான காரணம். வெளியே எடுக்கும் முன் லாக்கைத் தளர்த்தி, நேராக்கி, கேமராவில் பார்த்துக்கொண்டே இழுங்கள்.